ஒட்டாத கால்

பிப்ரவரி 2, திங்கள்

வேலைக்குச் சேர்ந்தாச்சு. டைரிதான் பழசு. காலேஜில் போன வருஷம் கொடுத்தது, அட்டையில் "சிறந்த பேராசிரியர் சென்னியப்பன்" என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொண்டால் போதும்.

காலேஜில் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவை மூடிவிட்டார்கள். அதற்கு நான் காரணம் இல்லை. போன வருஷம் சேர்ந்ததே மூன்று பேர், அதில் ஒருத்தன் பக்கத்துக் காலேஜ் என்று நினைத்து வந்தவன். பதினேழு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். "தெரியாது" என்ற வார்த்தையை வகுப்பில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யாராவது சந்தேகம் கேட்டால் "நல்ல கேள்வி, நாளைக்கு ஸ்டாஃப் ரூமுக்கு வா" என்பேன். ஒருத்தனும் வந்ததில்லை.

கம்பெனி சின்னவேடம்பட்டியில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில். போர்வெல் மோட்டாருக்கு கன்ட்ரோலர் போர்டு செய்கிறார்கள். போரில் தண்ணீர் இருந்தால் மோட்டார் ஓடும், தீர்ந்தால் தானே நின்றுவிடும். முதலாளி நாச்சிமுத்து. எல்லோருக்கும் "ஓனர்". அவர் என்னை "புரொபசர்" என்கிறார்.

"போர்டு டிசைன் பண்ணிருக்கீங்கல்ல?" என்று கேட்டார்.

"எத்தனையோ பண்ணியிருக்கேன்" என்றேன். கரும்பலகையில் வரைந்ததைச் சேர்த்தால் அது பொய் இல்லை.

"மூணு மாசம் பாப்போமுங்க. அப்புறம் பர்மனென்ட் பண்ணிறலாம்" என்றார்.

பிப்ரவரி 5

போர்டு வரையும் ஸாஃப்ட்வேரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் ஆரம்பப் பாடம் எடுக்கிறார், நாற்பது நிமிஷம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, தெரிந்த இடங்களைத் தாவிவிட்டேன். தெரியாத இடங்கள் சிலவற்றையும் தாவியிருக்கலாம். பின்னால் யாராவது வந்தால் உடனே எக்செலுக்கு மாறிவிடுகிறேன். நாள் முழுக்க நான் எக்செலிலேயே இருப்பதாக ஓனர் நினைக்கிறார்.

மதியம் எலுமிச்சை சாதம். மனைவி அமுதவல்லி உப்பை மறந்துவிட்டாள். சாயங்காலம் சொன்னேன். "தினமும் போடறப்ப ஒருநாளாச்சும் சொன்னீங்களா?" என்றாள்.

பிப்ரவரி 11

தலைவலி. போர்டில் பாகங்களை அடுக்கி, கால்களை ஒன்றோடொன்று செம்புக் கோடுகளால் இணைக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒருவழியாக முடித்துவிட்டேன். மிச்சம் கிரவுண்ட். போன கரன்ட் எல்லாம் திரும்பி வருவதற்கான பொது வழி அது. நாற்பத்தேழு கால்கள் அதில் சேரவேண்டும். ஒன்றுக்குக் கோடு இழுத்தால் இன்னொன்று குறுக்கே நிற்கிறது. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இடம் பிடிப்பது மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 12

கண்டுபிடித்துவிட்டேன்! காப்பர் ஃபில் என்று ஒரு பட்டன் இருக்கிறது. போர்டில் காலியாக இருக்கும் இடம் அத்தனையையும் ஒரே செம்புத் தகடாக நிரப்பி, அதைக் கிரவுண்டோடு சேர்த்துவிடுகிறது. அமுக்கினேன். நாற்பத்தேழு காலும் ஒரே நொடியில் சேர்ந்துகொண்டன. மேல் பக்கம் ஒரு தடவை, கீழ்ப் பக்கம் ஒரு தடவை. ஒரு வார வேலை முடிந்தது. நான் ஒரு வாரம் ஆகுமென்று ஓனரிடம் சொல்லியிருந்ததால் அதை மாற்றவில்லை.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு கிரவுண்ட் காலைச் சுற்றியும் ஸாஃப்ட்வேர் ஒரு வட்டமாக இடைவெளி விட்டு, நாலே நாலு மெல்லிய பாலங்களால் தகட்டோடு சேர்க்கிறது. பார்க்கவே பஞ்சத்தில் அடிபட்ட மாதிரி இருக்கிறது. எதற்கு இந்தக் கஞ்சத்தனம்?

பிப்ரவரி 13

ஓனர் வந்து பார்த்தார். அவருக்கும் அந்த நாலு பாலம் பிடிக்கவில்லை.

"ஏனுங் புரொபசர், இந்த ஓட்டையெல்லாம் எதுக்குங்க? போர்டு போடறவன் செம்பு ஃபுல்லா இருக்கற ஷீட்டைத்தான் எடுக்கறான். நம்ம வேணாங்கறதை ஆசிட்ல கரைச்சு ஊத்தறான். நம்ம செம்பை எதுக்குக் கரைக்க விடோணும்? காலி இடம் இருந்தா வாஸ்துக்கும் ஆகாதுங்க."

செட்டிங்கில் தேடினேன். "முழு இணைப்பு" என்று ஒன்று இருந்தது. மாற்றினேன். இடைவெளியெல்லாம் மூடிக்கொண்டு போர்டு பளபளவென்று ஆகிவிட்டது. நாலு பாலம் எதற்கு இருந்தது என்று ஓனர் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 27

போர்டுகள் வந்துவிட்டன, அறுபது. என் பெயர் மூலையில் சின்னதாக வெள்ளை எழுத்தில் இருக்கிறது. நான்தான் போட்டேன்.

இங்கே ஒரு வழக்கம். புது டிசைனில் முதல் போர்டுக்குப் பூஜை. ஓனர் எலுமிச்சம்பழம் நறுக்கி, போர்டின் நடுவில் சந்தனம் குங்குமம் வைத்தார். பின்னால் நின்ற சுலோச்சனாம்மா முகத்தைச் சுளித்தார். பூஜை முடிந்ததும் பிரஷ்ஷும் தின்னரும் எடுத்துவந்து ஒரு பொட்டு விடாமல் துடைத்தார். "ஈரச் சந்தனத்தோட பவர் போட்டா சாமிக்கே ஷாக் அடிக்குமுங்க" என்றார்.

இவர்தான் சால்டரிங் செய்பவர். பதினொரு வருஷமாக இதே மேஜை, இதே ஸ்டூல். போர்டின் ஓட்டையில் பாகத்தின் காலை நுழைத்து, சுடும் அயர்னைக் காலோரம் வைத்து, ஈயத்தை உருக்கி ஒட்டவேண்டும். ஒவ்வொரு போர்டுக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி ஒரு நோட்டில் வேறு எழுதுகிறார். படித்தவர் மாதிரி எழுதுவதில் ஒரு ஆசை போலிருக்கிறது.

மார்ச் 2

சுலோச்சனாம்மா வந்து நின்றார்.

"சார், தண்ணி சென்சார் கனெக்டர்ல இந்தக் கிரவுண்ட் கால் மட்டும் ஒட்டவே மாட்டேங்குதுங்க. மத்த காலெல்லாம் ரெண்டு செகண்ட். இது சூட்டை அப்படியே முழுங்கிருதுங்க."

செம்பின் வெப்பக் கடத்துதிறன், ஈயத்தின் பரப்பு இழுவிசை எல்லாவற்றையும் படம் வரைந்து இருபது நிமிஷம் விளக்கினேன். நன்றாகவே வந்தது. முடித்ததும், "சரிங்க சார். ஆனா ஒட்ட மாட்டேங்குதுங்க" என்றார். வகுப்பிலும் இப்படிச் சிலபேர் உண்டு.

மார்ச் 3

மறுபடியும் அதே புகார். "பழகப் பழக வரும்மா" என்றேன். பதினொரு வருஷமாகப் பழகியவரிடம் சொன்னோமே என்று பிறகு தோன்றியது. தோன்றியதோடு சரி.

மார்ச் 4

சுலோச்சனாம்மா ஒரு காலுக்கு ரெண்டு அயர்ன் பிடிக்கிறார்! வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு. சர்க்கஸ் பார்ப்பது மாதிரி இருந்தது. இருபத்திரண்டு போர்டு இப்படியே முடித்துவிட்டாராம்.

"இது முறையே இல்லம்மா. எந்தப் புஸ்தகத்துலயும் கிடையாது. ஈயத்தை வேற வாயில வெச்சுக்கிட்டு" என்றேன்.

"ஒட்டுதுங்களே சார்."

"ஒரு ஆள், ஒரு அயர்ன். இனிமே அப்படித்தான்."

ஒரு அயர்னை அணைத்தார். நோட்டில் ஏதோ எழுதினார். வேலையில் ஒழுங்கு வேண்டும். என் டிசைனுக்கு ரெண்டு அயர்ன் வேண்டியிருக்கிறது என்று வெளியே யாராவது கேள்விப்பட்டால் நன்றாகவா இருக்கும்?

மார்ச் 9

அறுபது போர்டும் தாராபுரம் டீலருக்குப் போயாச்சு. இங்கே டெஸ்ட் செய்தபோது எல்லாம் ஓடின. ஓனர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார். சுலோச்சனாம்மா சாப்பிடவில்லை. வாய்ப்புண் என்றார்.

மார்ச் 19

தாராபுரத்திலிருந்து போன். மோட்டார் தன்னால் நின்றுபோகிறதாம். போரில் தண்ணீர் தளும்புகிறது, போர்டு "தண்ணீர் இல்லை" என்று நிறுத்திவிடுகிறது. பெட்டியை ஒரு தட்டு தட்டினால் ஓடுகிறதாம். சின்ன வெங்காயம் நட்டிருப்பவர்கள் வரப்பில் ஒரு ஆளை உட்காரவைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று டீலர் கத்தினார். மிகைப்படுத்துகிறார்.

மார்ச் 21

ஒன்பது போர்டு திரும்பி வந்திருக்கிறது. சென்சார் கனெக்டரின் கிரவுண்ட் கால். ஈயம் மேலே உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது, காலோடு சேரவில்லை. நகத்தால் தொட்டாலே ஆடுகிறது.

நம்பர்கள்: 24, 27, 31, 33, 38, 40, 46, 52, 59.

இருபத்திரண்டுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. விசித்திரமான தற்செயல்.

மார்ச் 23

ஓனர் என்னைக் கூப்பிட்டு ரிப்போர்ட் கேட்டார். "என்ன ஆச்சு, யாரால ஆச்சுன்னு எழுதிக் குடுங்க புரொபசர். டீலருக்கு அனுப்போணும். நீங்க எழுதுனா அதுக்கொரு மதிப்பு."

ரிப்போர்ட் எழுதுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. காலேஜுக்குத் தரச்சான்றுக் குழு வந்தபோது இல்லாத லேபைப் பற்றி எழுபது பக்கம் எழுதியவன் நான்.

மார்ச் 24

நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சாராம்சத்தை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

"அறுபது போர்டுகளும் ஒரே டிசைன். முதல் இருபத்திரண்டில் எந்தக் குறையும் இல்லை. குறை இருப்பவை எல்லாம் அதற்குப் பிந்தியவை. டிசைன் தவறென்றால் எல்லாப் போர்டும் பழுதாகியிருக்க வேண்டும். ஆகவே இது கையில் நேர்ந்த தவறு. தொடக்கத்தில் இருந்த கவனம் பின்னர் தளர்ந்துள்ளது."

படித்துப் பார்த்தேன். எங்கேயும் ஓட்டை இல்லை. யார் பெயரையும் நான் குறிப்பிடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மார்ச் 26

சால்டரிங் செய்பவர் இங்கே ஒருவர்தான் என்பதால் பெயர் தேவைப்படவில்லை. மாசக் கடைசியோடு சுலோச்சனாம்மாவை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் ஓனர். நான் எக்செலில் இருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்டது.

"பதினொரு வருசம் ஆச்சுங்க. என்ற கையில தப்புன்னு ஒரு போர்டு திரும்பி வந்ததில்லீங்க. வேலை போறது போகட்டுங்க. கை சரியில்லைன்னு பேரோட அனுப்பாதீங்க. இந்த ஏரியாவுல அப்புறம் யாருங்க என்னைச் சேப்பாங்க?"

"ரிப்போர்ட்டுல அப்படித்தான் இருக்குதும்மா. புரொபசரே எழுதிருக்காரு."

சுலோச்சனாம்மா வெளியே வந்தபோது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன்.

மார்ச் 28, சனி

ஓனர் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து கிளம்பிவிட்டார். மாடியில் மதியத்துக்கு மேல் யாரும் இல்லை.

சால்டரிங் ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள நினைத்தேன். மிச்சமிருந்த ஒரு வெறும் போர்டை எடுத்து, கனெக்டரை நுழைத்து, அயர்னைப் பிடித்தேன். முதல் கால், ரெண்டு செகண்டில் ஒட்டியது. ரெண்டாவது காலும் அப்படியே. மூன்றாவது கிரவுண்ட் கால். பத்து செகண்ட். இருபது. ஈயம் உருண்டையாக நிற்கிறது. ஒரு நிமிஷம். போர்டு கருகி வாசம் வருகிறது, ஈயம் மட்டும் உள்ளே இறங்கவில்லை. அயர்ன் பழுது. வேறு அயர்ன் எடுத்தேன். அதுவும் பழுது. மூன்றாவதும் பழுது. இந்தக் கம்பெனியில் கருவிகளின் பராமரிப்பு மிக மோசம்.

கட்டைவிரலில் கொப்புளம். கடைசியில் ரெண்டு அயர்னைச் சேர்த்துப் பிடித்தேன். ஒட்டிவிட்டது.

ஒட்டிய ஈயத்தை உடனே பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

அமுதவல்லி விரலைப் பார்த்துவிட்டு மஞ்சள் வைத்தாள். போர்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பொதுவாகத்தான் கேட்டேன்: ஒரு சின்ன இடத்தைச் சூடு பண்ணணும், ஆனா அந்தச் சின்ன இடம் ஒரு பெரிய தகட்டோட ஒட்டியிருக்கு, என்ன ஆகும்?

"என்ன ஆகும்? அண்டாத் தண்ணிக்கு அடியில அகல்விளக்கு வெச்ச கதைதான். சூடு பூரா அண்டாவுக்குப் போயிரும்."

"அண்டாவைப் பிரிச்சு வெச்சா?"

"அப்ப சுடும். இதுக்கெதுக்கு இவ்வளவு யோசனை?" என்றவள், கொஞ்சம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னமோ பண்ணிட்டீங்க. யார் தலையில கட்டுனீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குளிக்கப் போய்விட்டேன்.

மத்தியானம் அந்த வெள்ளைக்காரரின் பாடத்தை மறுபடி போட்டேன், இந்தத் தடவை சாதா வேகத்தில். இருபத்தாறாவது நிமிஷம். "புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதல் தவறு" என்று ஆரம்பிக்கிறார். கிரவுண்ட் காலைச் செம்புத் தகட்டோடு முழுசாக ஒட்டினால் சூடெல்லாம் தகட்டுக்குப் போய்விடும், ஈயம் ஒட்டாது, அதற்காகத்தான் நாலு மெல்லிய பாலம், தயவுசெய்து அதை எடுத்துவிடாதீர்கள் என்கிறார். தயவுசெய்து என்று வேறு.

நான் இருபத்தைந்தில் தாவி இருபத்தெட்டில் இறங்கியிருக்கிறேன்.

மார்ச் 30

செட்டிங்கை மாற்றினேன். நாலு செகண்ட் ஆனது. பார்வைக்கு அழகு கொஞ்சம் குறைந்துவிட்டது.

ஓனரிடம் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் அவர் காவடியோடு நடந்துகொண்டிருக்கிறார். விரதத்தில் இருப்பவரைப் போனில் தொந்தரவு செய்வது முறையல்ல. அவரே ரெண்டு தடவை கூப்பிட்டார். கூரியரைப் பற்றிப் பேசினோம்.

மார்ச் 31

சுலோச்சனாம்மாவின் கடைசி நாள். மேஜையைத் துடைத்தார். அயர்ன் முனைகளுக்கு ஈயம் பூசி வைத்தார். டிராயர் சாவியையும் நோட்டையும் என் மேஜையில் வைத்துவிட்டு, "செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டுருங்க சார்" என்றார். போட்டேன். டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

சொல்ல நினைத்தேன். சொல்லியிருந்தாலும் ஓனர் இல்லாமல் என்ன செய்யமுடியும்?

ஏப்ரல் 15

நான் செட்டிங்கை மாற்றிய போர்டு வந்தது; மாற்றியதை ஓனரிடம் இன்னும் சொல்லவில்லை. சால்டரிங்குக்குத் திலகா என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், வேலைக்கே புதுசு. கிரவுண்ட் கால் ரெண்டு செகண்டில் ஒட்டுகிறது.

ஓனருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா புரொபசர்! ஆளை மாத்துனதும் எல்லாம் சரியாப் போச்சு. உங்க ரிப்போர்ட்டு அப்படியே பலிச்சிருச்சு. உங்களை இந்த மாசமே பர்மனென்ட் பண்ணிறலாமுங்க."

என் தவறைத் திருத்தினேன். அதனாலேயே அந்தம்மா மேல் இருந்த பழி உறுதியாகிவிட்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது. வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

ஏப்ரல் 17

பக்கத்தில் இருக்கும் கணபதி ஏரியாவிலிருந்து ஒரு கம்பெனி மேனேஜர் போன் செய்தார். ஓனர் வெளியே போயிருந்தார், நான் எடுத்தேன்.

"சுலோச்சனான்னு ஒருத்தங்க வேலை கேட்டு வந்திருக்காங்க. உங்ககிட்ட இருந்தாங்களாம். கை சரியில்லைன்னு நிறுத்துனதா கேள்விப்பட்டேன். எப்படி ஆளு?"

"அது வந்து, பொதுவா பாத்தா, அதைப் பல கோணத்துல ஆராயணும்" என்றேன்.

"சேத்துக்கலாமா வேண்டாமா சார்?"

"நல்ல கேள்வி. நாளைக்குக் கூப்பிடுங்க."

ஏப்ரல் 18

அந்த நோட்டை இன்றுதான் திறந்தேன். பதினெட்டு நாளாக என் டிராயரில் கிடந்தது. அப்படியே காப்பி எடுக்கிறேன்.

"மார். 2. சென்சார் கிரவுண்டு கால் ஒட்டல. சார்ட்ட சொன்னேன்.
மார். 3. ஒட்டல. சார்ட்ட சொன்னேன்.
மார். 4. ரெண்டு அயர்ன் வெச்சா ஒட்டுது. 1 முதல் 22 வரை ரெண்டு அயர்ன். சார்ட்ட சொன்னேன், வேண்டாம்னாரு.
மார். 5. 23 முதல் ஒரு அயர்ன். ஆடுது. சார்ட்ட சொன்னேன்.
மார். 6. ஆடுது. சார்ட்ட சொன்னேன்.
மார். 7. அனுப்ப வேண்டாம்னு சார்ட்ட சொன்னேன்."

என் டைரியைப் புரட்டிப் பார்த்தேன். மார்ச் 5, 6, 7 மூன்று பக்கமும் வெறுமையாக இருக்கிறது. அவர் வந்து சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதத் தோன்றவில்லை.

ஒரு மனுஷி ஆறு தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பதினேழு வருஷம் பாடம் நடத்திய வாய்க்கு ஒரு தடவை கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

கணபதிக்காரர் இன்று கூப்பிடவில்லை.

ஏப்ரல் 20

ஓனர்கிட்ட சொன்னேன். டிசைன் தப்பு, அந்தம்மா மேல் தப்பில்லை என்று. நோட்டையும் காட்டினேன்.

சிரித்தார். "அட விடுங் புரொபசர். உங்களுக்கு இளகின மனசு. டீலர்கிட்ட ஆளை மாத்தியாச்சுன்னு சொல்லிட்டேன், அவனும் அடங்கிட்டான். இப்பப் போயி டிசைன்தான் தப்புன்னா, அப்புறம் எதுக்குப் புரொபசரை வெச்சிருக்கேன்னு கேப்பானுங்க. டீ சாப்பிடுங்க."

ஏப்ரல் 21

ஓனர்கிட்ட சொன்னேன். வெப்பத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுத்தார்.

ஏப்ரல் 22

ஓனர்கிட்ட சொன்னேன். எக்செலைப் பார்க்கப் போகச் சொன்னார்.

ஏப்ரல் 23

ரெண்டாவது ரிப்போர்ட் எழுதினேன். நாலு பக்க ரிப்போர்ட்டுக்கு ஒரு மதியம்தான் ஆனது. இந்த அரைப் பக்கத்துக்கு ராத்திரி வரை ஆகிவிட்டது. "தவறு" என்று எழுதினால் பக்கத்தில் தானாகவே "சிறு" வந்து உட்காருகிறது. "என்" வரவே மாட்டேன் என்கிறது. அமுதவல்லி வாங்கிப் படித்தாள். "இதுல 'சூழ்நிலை காரணமாக'ன்னு இருக்குதே, யாரு அந்தச் சூழ்நிலை?" என்றாள். அதை அடித்தேன்.

"கிரவுண்ட் காலைச் செம்புத் தகட்டோடு முழுவதும் இணைத்தது என் தவறு. அதனால் ஈயம் ஒட்டவில்லை. சுலோச்சனா ஆறு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. அவர் ரெண்டு அயர்ன் வைத்து ஒட்டிய இருபத்திரண்டு போர்டும் இன்றுவரை ஓடுகின்றன. அப்படி ஒட்ட வேண்டாமென்று தடுத்ததும் நான்தான். சென்னியப்பன்."

ஏப்ரல் 24

கணபதிக்கு நேரில் போனேன். மேனேஜரிடம் அரைப் பக்கத்தையும் நோட்டையும் கொடுத்துச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். நோட்டை ரெண்டு தடவை புரட்டினார். "இப்படி எழுதி வைக்கிற ஆளை எவனாவது விடுவானா சார்?" என்றார்.

தாராபுரம் டீலருக்கும் ஒரு காப்பி தபாலில் போட்டேன்.

ஏப்ரல் 28

டீலருக்குத் தபால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஓனர் கத்திய கத்தலில் கீழே லேத்தே நின்றுவிட்டது. இத்தோடு போதுமென்றார். மூணு மாசத்துக்கு நாலு நாள் பாக்கி.

பயமாகத்தான் இருக்கிறது. நாற்பத்தாறு வயசில் மறுபடி முதலிலிருந்து. அமுதவல்லி தட்டை எடுத்துவைத்தாள். சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. சொன்னேன்.

மே 4, திங்கள்

கணபதி கம்பெனி வாசலில் டீக்கடை. பதினொரு மணி இடைவேளைக்குச் சுலோச்சனாம்மா வந்தார். கழுத்தில் புதுக் கம்பெனி அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

"அந்தக் கால் ஒட்டாததுக்கு என் டிசைன்தாம்மா காரணம். உங்க மேல தப்பே இல்ல. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"தெரியுமுங்க சார். மொத நாளே சொன்னனுங்களே."

எனக்கும் ஒரு டீ சொன்னார். என் வேலை போனது அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"உள்ள இன்னொரு ஆளு கேட்டுட்டிருக்காங்க சார். என்ற மேஜைக்குப் பக்கத்து மேஜை. டிசைனுக்கு இல்லீங்க, சால்டரிங்குக்கு." டம்ளரை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். கட்டைவிரலில் கொப்புளம் இருந்த இடம் இன்னும் கறுப்பாக இருந்தது. "அயர்ன் பிடிக்கத் தெரியுமுங்களா?"

தெரியாதுன்னு சொன்னேன்.